பனி உருகியாச்சு... மலைப்பாதையில் சைக்கிளை இறக்கலாமா?

மார்ச் மாதம் பிறந்து நாலு நாள் நல்ல வெயில் அடித்தால் போதும். அமெரிக்காவின் மலை மாநிலங்களில் பலருக்குக் கால் துறுதுறுக்க ஆரம்பித்துவிடும். நாலைந்து மாதம் ஷெட்டில் தூங்கிய மவுண்டன் பைக்கைத் தட்டி எழுப்பி, மலைப்பாதைக்குக் கிளம்பிவிடுவார்கள். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் பலருக்கும் இந்தப் பொழுதுபோக்கு பழகிவிட்டது. நல்ல உடற்பயிற்சிதான், சந்தேகமே இல்லை. இதயத்துக்கு நல்லது, மூட்டுக்கு ஓட்டத்தைவிட மென்மையானது, மனசுக்கும் மருந்து.

ஆனால், ‘என்றைக்கு ஓட்ட ஆரம்பிக்கலாம்?’ என்ற கேள்விக்குக் காலண்டர் பதில் சொல்லாது. மண் சொல்ல வேண்டும். அப்புறம் நம் உடம்பு சொல்ல வேண்டும். இரண்டும் ‘சரி’ என்றால்தான் சவாரி. அந்த இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்வது எப்படி என்பதுதான் இந்தப் பாடம்.

பனி எந்த வரிசையில் போகிறது?

மலை முழுவதும் ஒரே நாளில் பனி உருகிவிடாது. அதற்கு ஒரு வரிசை உண்டு.

முதல் கணக்கு, உயரம். 1000 மீட்டர் மேலே போனால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். யூட்டா மாநிலத்தில் மோவாப் ஊருக்குப் பக்கத்தில் ‘ஹோல் என்சிலாடா’ என்று ஒரு புகழ்பெற்ற சைக்கிள் பாதை. பர்ரோ கணவாயில் சுமார் 3400 மீட்டர் உயரத்தைத் தொட்டுவிட்டு, சுமார் 1200 மீட்டர் உயரத்தில் கொலராடோ நதிக்கரையில் வந்து முடிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், மேலுக்கும் கீழுக்கும் ஏறக்குறைய 14 டிகிரி வித்தியாசம்! அதனால்தான் அதன் கீழ்ப் பகுதியில் மார்ச்சிலேயே சட்டை வியர்க்க ஓட்டுகிறார்கள். மேல் பகுதியிலோ ஜூன் கடைசி வரைகூட பனி கிடக்கும். ஒரே பாதை, இரண்டு பருவம்!

இரண்டாவது கணக்கு, திசை. அங்கே சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், தெற்குப் பார்த்த சரிவு முதலில் காயும். வடக்குச் சரிவு கடைசியில்தான் விடியும்.

மூன்றாவது, நிழல். ஊசியிலை மரங்கள் அடர்ந்த இடத்தில் வெயில் தரையைத் தொடாது. வெட்டவெளியில் புழுதி பறக்கும்போது, அடுத்த வளைவில் மர நிழலில் முழங்கால் அளவு பனி காத்திருக்கும். வேகமாக வந்து அதில் முன்சக்கரம் புதைந்தால், ஆள் ஹேண்டில் பாரைத் தாண்டிப் பறக்க வேண்டியதுதான்.

பனி போய்விட்டது... அப்புறம் ஏன் காத்திருக்கணும்?

நியாயமான கேள்வி. பதில் மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

குளிர்காலத்தில் மண்ணில் உள்ள ஈரம் உறைகிறது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். அந்த இழுபறியில் மண் துகள்கள் விலகி, தரை பொலபொலவென்று தளர்ந்துவிடும். வசந்தத்தில் மேலே இருந்து உருக ஆரம்பிக்கும். மேல் மண் இளகிவிட்டது, அடி மண் இன்னும் கல்லாக உறைந்திருக்கிறது. உருகிய தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. அடைத்துக்கொண்ட சமையலறைத் தொட்டி மாதிரி அங்கேயே தேங்கும். விளைவு... சொதசொத சகதி.

வடகிழக்கே வெர்மாண்ட் மாநிலத்தில் இதற்கு ‘சேற்றுப் பருவம்’ என்று தனிப்பெயரே உண்டு. ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை உயரமான மலைப்பாதைகளுக்குப் போகாதீர்கள் என்று அங்கே கேட்டுக்கொள்கிறார்கள். ‘கிங்டம் டிரெயில்ஸ்’ போன்ற பெயர்பெற்ற சைக்கிள் பாதைகளையும் அந்தச் சேற்றுக் காலத்தில் மூடிவைத்து, மே மாத வாக்கில்தான் திறந்துவிடுகிறார்கள்.

கொலராடோவில் கிரெஸ்டட் பியூட் என்று ஒரு சிற்றூர். உயரம் சுமார் 2700 மீட்டர். நம் தொட்டபெட்டா சிகரத்தைவிட உசத்தி! அங்கே ஊரை ஒட்டிய தாழ்வான பாதைகள் மே மாதத்தில் தயாராகும். உயரத்தில் உள்ளவற்றுக்கு ஜூன் கடைசி, ஜூலை ஆகும். அதே மாநிலத்தில் சுமார் 1370 மீட்டர் உயரத்தில் உள்ள ஃப்ரூட்டாவில் மார்ச், ஏப்ரலிலேயே சீஸன் களைகட்டிவிடும்.

மண்ணின் ஜாதியையும் பார்க்க வேண்டும். மணலும் பாறைப் பொடியும் கலந்த மண் சீக்கிரம் வடியும். களிமண் வடியாது. ஃப்ரூட்டா பக்கத்துக் களிமண்ணில் மழையோ பனியோ பட்டால், டயரில் அப்பம் அப்பமாக ஒட்டி, சக்கரமே சுற்றாமல் நின்றுவிடும்.

நேரில் பார்ப்பது எப்படி?

• பாதையின் தொடக்கத்தில் பத்து அடி நடந்து பாருங்கள். ஷூ தடம் ஆழமாகப் பதிகிறதா? வீட்டுக்குத் திரும்புங்கள்.

• டயர் தடம் பள்ளமாக விழுகிறதா? அங்கேயே இறங்கி, வந்த வழியே திரும்புங்கள். ‘இவ்வளவு தூரம் வந்துட்டோமே’ என்ற எண்ணம் வேண்டாம்.

• எப்போதோ ஒரு குட்டை குறுக்கிட்டால் அதன் நடுவிலேயே மெதுவாகப் போங்கள். ஓரமாக ஒதுங்கினால் செடிகொடி மிதிபட்டு, ஒற்றையடிப் பாதை மாட்டு வண்டிப் பாதையாக அகன்றுவிடும்.

• ராத்திரி உறைபனி விழுந்த நாளில், விடியற்காலையில் தரை கெட்டியாக இருக்கும். அப்போது ஓட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் வெயில் ஏறி மண் இளகுவதற்குள் திரும்பிவிட வேண்டும். பனிக்கட்டி வழுக்கும், ஜாக்கிரதை.

• ‘மூடப்பட்டுள்ளது’ என்ற பலகை இருந்தால் விவாதமே வேண்டாம். சில பாதைகளைச் சேற்றுக்காக மட்டும் மூடுவதில்லை. மான் கூட்டம் குளிர்காலம் முழுக்க மெலிந்து, குட்டி போடக் காத்திருக்கும் காலம் அது. பிள்ளைத்தாச்சியைத் துரத்தலாமா?

என் தடம், உன் எலும்பு

‘கொஞ்சம் சேறுதானே, சட்டையைத் துவைச்சால் போச்சு’ என்று நினைப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஏப்ரலில் ஈர மண்ணில் ஒருவர் போட்ட டயர் பள்ளம், ஜூனில் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். பின்னால் வருகிறவரின் முன்சக்கரம் அந்தப் பள்ளத்தில் மாட்டும். ஹேண்டில் பார் திரும்பாது, ஆள் சாய்வார். விழும்போது கையை ஊன்றுவது மனித இயல்பு. அந்த அதிர்ச்சி மணிக்கட்டிலோ, தோளுக்கு மேலே உள்ள காறை எலும்பிலோ போய் முடியும். மலை சைக்கிள் விபத்துகளில் அடிக்கடி அடிபடும் இடங்கள் இவை.

இங்கே ஒரு முக்கியமான மருத்துவக் குறிப்பு. கையை ஊன்றி விழுந்த பிறகு, கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் மணிக்கட்டருகே தெரியும் சிறு குழியில் அழுத்தினால் வலிக்கிறதா? அங்கே உள்ள சிறிய எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமல்கூடப் போகலாம். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று விட்டுவிடாதீர்கள். வலி தொடர்ந்தால் மறுபடி டாக்டரைப் பாருங்கள். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காமல் விட்டால் கூடாமலே போய்விடும்.

உடம்பும் உருகணும்!

மண்ணைப் போலத்தான் உடம்பும். குளிர்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தால் சில வாரங்களிலேயே இதயம், நுரையீரலின் திறன் இறங்கும். திரும்ப ஆரம்பிக்கும்போது மூச்சு சீக்கிரம் பழைய நிலைக்கு வரும். தசைநார்கள் அப்படி இல்லை, மெதுவாகத்தான் பலப்படும். ‘மூச்சு வாங்கலையே, இன்னும் போகலாம்’ என்று மிதிப்பவருக்கு முழங்கால் வலி வருவது இதனால்தான்.

பாதை காயும்வரை நான்கு வாரம் கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் தார் ரோட்டில், வாரம் மூன்று நாள், அரை மணி நேரம். பேசிக்கொண்டே ஓட்ட முடிகிற வேகம் போதும். இரண்டாவது வாரம் முக்கால் மணி. மூன்றாவது வாரம் சின்ன மேடுகள். நான்காவது வாரம் காய்ந்த, எளிதான மண் பாதை. கூடவே வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து எழும் பயிற்சியும், இடுப்புக்கும் முதுகுக்குமான பயிற்சியும் செய்யுங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கிறது. பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கிறது. பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருப்பதே சரியான அளவு. சுண்டுவிரல் மரத்துப்போனால், உள்ளங்கை நரம்பு ஹேண்டில் பாரில் அழுந்துகிறது என்று அர்த்தம். பிடியை அடிக்கடி மாற்றுங்கள்.

வெளியூரிலிருந்து நேராக 2700 மீட்டருக்குப் போனால், முதல் இரண்டு நாள் சைக்கிளைத் தொடாதீர்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை இருந்தால் ஓய்வு. அதிகமானால் கீழே இறங்குவதுதான் வைத்தியம்.

வசந்தத்தின் நான்கு எதிரிகள்

1. ஷெட்டில் எலி: 1993-ல் அமெரிக்காவின் தென்மேற்கே நான்கு மாநிலங்கள் சந்திக்கும் பகுதியில், திடகாத்திரமான இளைஞர்கள் திடீரென்று மூச்சுத் திணறி இறந்தார்கள். காரணம் ஒரு வகை ஹான்டா வைரஸ். காட்டு எலியின் கழிவிலிருந்து தூசியோடு மூச்சில் நுழைவது. அபூர்வமான நோய்தான். ஆனால் நுரையீரல் பாதிக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் பிழைப்பதில்லை. பூட்டிக் கிடந்த ஷெட்டைத் திறந்து, அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். எலிப் புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. கையுறை போட்டு, 1 பங்கு பிளீச் திரவத்துக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, காகிதத்தால் துடைத்தெடுங்கள்.

2. உண்ணி: பனி போன உடனே புல்லில் உண்ணி ஏறிவிடும். வெர்மாண்ட் பக்கம் லைம் நோயைப் பரப்புவது இதுதான். வீடு திரும்பியதும் அக்குள், தொடை இடுக்கு, முழங்கால் மடிப்பு, தலைமுடி எல்லாம் தேடுங்கள். ஒட்டியிருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மேலே இழுங்கள். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் லைம் கிருமி பரவும். எனவே அன்றன்றைக்கே பார்ப்பது பெரிய பாதுகாப்பு. ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோ, வட்டமாகப் பரவும் சிவப்புத் தடிப்போ வந்தால் டாக்டரிடம் போங்கள்.

3. வெயில்: 1000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். புதுப் பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். காற்று சில்லென்று இருப்பதால் சுடுவதே தெரியாது. ராத்திரி கண்ணில் மணல் விழுந்தது போல் எரியும். கூலிங் கிளாஸும் சன் ஸ்கிரீனும் அவசியம்.

4. ஓடைத் தண்ணீர்: காலையில் கணுக்கால் அளவு இருந்த ஓடை, பகல் வெயிலில் பனி உருகிச் சாயங்காலம் இடுப்பளவு வரலாம். ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள். போகும்போதே திரும்பும் நேரத்தையும் யோசியுங்கள். நனைந்த உடையோடு குளிர்காற்றில் இறங்கினால் உடம்பு விறைக்கும். ஒரு செட் காய்ந்த உடை பையில் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வார்த்தை

ஹெல்மெட், பிரேக், டயர் காற்று, செயின் எண்ணெய் - இவை எல்லோரும் பார்ப்பவைதான். மண்ணைத் தொட்டுப் பார்ப்பவர்கள்தான் குறைவு. இரண்டு வாரம் பொறுத்தால் பாதைக்கு ஆயுசு கூடும், உங்கள் முழங்காலுக்கும் கூடும். அதுவரைக்கும் தார் ரோடு இருக்கிறது, மிதியுங்கள்!