அம்மாவும் மேப்பிள் மரமும் ஒரே படத்தில்

கேள்வி: நாங்கள் ஸ்காபரோவில் வசிக்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் அம்மா நவம்பர் கடைசியில் திரும்பிப் போகிறார். இலைகள் நிறம் மாறுவதை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை. அந்த மரங்களோடு அவரையும் என் பிள்ளைகள் இருவரையும் (ஒருவருக்குப் பத்து வயது, மற்றவருக்கு ஐந்து) வைத்து நல்ல படங்கள் சில எடுத்துவிட வேண்டும் என்று ஆசை. கேட்டவர்கள் எல்லோரும் அல்கோங்குவின் பூங்காவுக்குப் போகச் சொல்கிறார்கள். போக மூன்று மணித்தியாலம், வர மூன்று மணித்தியாலம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், அவ்வளவு நேரம் காரில் இருக்க ஏலாது. நகரத்துக்குள்ளேயே எடுக்கலாமா? எப்போது, எங்கே போவது? என்னிடம் இருப்பது கைபேசி மட்டும்தான். போன வருடம் வீட்டுக்கு முன்னால் எடுத்த படங்களில் வானமும் மரமும் வெளிறிப்போய், எங்கள் முகங்கள் கறுத்து, கண் எது மூக்கு எது என்றே தெரியவில்லை. கமரா வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: கமரா வேண்டாம். அந்தக் காசில் அம்மாவுக்கு நல்ல கம்பளிச் சால்வை ஒன்று வாங்குங்கள். அது படத்துக்கும் உதவும், எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

அல்கோங்குவின் அழகான இடம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே சுகர் மேப்பிள் மரங்கள் செப்டம்பர் கடைசியில் அல்லது ஒக்டோபர் முதல் வாரத்தில் உச்சம் கண்டுவிடும். பிறகு ஒரு பெருங்காற்று போதும், எல்லாம் தரையில் கிடக்கும். முழுக்குடும்பமும் ஓர் ஓய்வுநாளைப் பார்த்துப் போய், அன்றைக்கு மழை பெய்துவிட்டால் அந்த வருடம் முடிந்தது. ரொறன்ரோவில் அப்படியில்லை. இங்கே நிறம் இரண்டு மூன்று வாரம் பிந்தித்தான் வரும். அதுவும் ஒரே நாளில் வந்து போகாது, மரத்துக்கு மரம் முறைவைத்து வரும். ஒரு சனிக்கிழமை சரிவராவிட்டால் அடுத்த சனிக்கிழமை வேறொரு மரம் காத்திருக்கும். உங்களைப் போல வயதானவரையும் சிறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு நகரம்தான் பொருத்தம் என்று உறுதியாகச் சொல்வேன்.

அந்த முறையைத் தெரிந்துவைத்திருங்கள். செப்டம்பர் கடைசியில் நெடுஞ்சாலைக் கரையிலும் ரயில் பாதை ஓரத்திலும் சிவக்கிற புதர்தான் சுமாக். ஒக்டோபர் தொடக்கத்தில் ரெட் மேப்பிள் சிவக்கும். தெருவோரத்து ஹனி லோக்கஸ்ட் மரங்களின் சின்னஞ்சிறு இலைகள் மஞ்சளாகி உதிரும். மாத நடுவில் சுகர் மேப்பிள்: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு மூன்றும் ஒரே மரத்தில். கடைசி வாரத்தில் ஓக் மரங்கள் செங்கல் நிறமாகும். இவையெல்லாம் முடிகிற நேரத்தில்தான் நோர்வே மேப்பிள் மஞ்சளாகத் தொடங்கும். நம் குடியிருப்புத் தெருக்களில் எங்கும் நிற்கிற, ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம் அது. ஜிங்கோவும் பிந்தித்தான் மஞ்சளாகும். கடுமையான முதல் உறைபனி விழுந்த காலையில் அது இலை முழுவதையும் சில மணித்தியாலங்களுக்குள் கொட்டிவிடும். உங்கள் தெருவில் ஜிங்கோ இருந்தால் அந்த நாளைத் தவறவிடாதீர்கள். தரை முழுதும் மஞ்சளாகக் கிடக்கும், ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆக நன்றி தெரிவிக்கும் நாள், அதாவது ஒக்டோபர் இரண்டாவது திங்கள், வருகிற நீண்ட வார இறுதி உங்களுக்குக் கட்டாயமில்லை. நகரத்தில் அப்போது பாதி மரங்கள் பச்சையாகத்தான் நிற்கும். அதற்கு அடுத்த இரண்டு வார இறுதிகளை ஒதுக்கிவையுங்கள்.

எந்த மரத்தின் எந்தப் பக்கம் நிற்பது என்பதற்கு இலைக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. பகல் குறுகக் குறுக இலையில் பச்சையம் சிதையும். கோடை முழுக்க அதற்குள் மறைந்திருந்த கரோட்டினாய்டுகள் அப்போது வெளியே தெரியவரும். அதுதான் மஞ்சளும் செம்மஞ்சளும். சிவப்பு அப்படி ஒளிந்திருந்தது அல்ல. இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு மரம் அந்த நேரத்தில் புதிதாகச் செய்கிற அந்தோசயனின் அது. அதைச் செய்ய வெயில் வேண்டும். நல்ல வெயிலடித்த பகல்களும், உறையாத அளவு குளிர்ந்த இரவுகளும் சேர்ந்து வந்த வாரத்துக்குப் பிறகு சிவப்பு மிக நன்றாக இருக்கும். ஒரே மரத்திலும் வெயில் விழுகிற தெற்கு, மேற்குப் பக்கங்கள் சிவந்திருக்க, நிழல் பக்கம் மஞ்சளாகவே நிற்பதைப் பார்ப்பீர்கள். மரத்தைக் கண்டதும் அதன் முன்னால் ஆட்களை நிறுத்தாதீர்கள். முதலில் ஒருமுறை அதைச் சுற்றி நடந்து பாருங்கள்.

இடத்துக்கு வருகிறேன். உங்களுக்கு நான் முதலில் சொல்வது பிரிம்லி வீதியில் உள்ள தொம்சன் நினைவுப் பூங்கா. டேவிட் தொம்சனும் மேரி தொம்சனும் 1796-இல் குடியேறிய நிலம் அது. ஸ்காபரோவின் முதல் ஐரோப்பியக் குடியேற்றக்காரர்கள் அவர்கள். அங்கே கார் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்திலேயே பெரிய மரங்கள் உண்டு, பாதை சமதரை, இருக்க வாங்கு உண்டு. அம்மாவின் முழங்காலுக்கு இவைதான் முக்கியம். பழைய வீடுகளைக் கொண்ட ஸ்காபரோ அருங்காட்சியகமும் அதற்குள்ளேயே இருக்கிறது. பழைய மரச்சுவர் படத்துக்கு நல்ல பின்னணி.

இரண்டாவது, ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா. 2015-இல் அமைந்தது. கனடாவின் முதல் தேசிய நகர்ப்புறப் பூங்கா, பரப்பு ஏறக்குறைய 79 சதுர கிலோமீற்றர், நுழைவுக்குக் கட்டணம் இல்லை. மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்தில் தொடங்குகிற விஸ்ரா பாதையில் மரத்தாலான பார்வை மேடை ஒன்று இருக்கிறது. அதிலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் நிறமாகத் தெரியும். ஏற்ற இறக்கம் உண்டு, ஆகவே பிள்ளைகளோடு நீங்கள் மட்டும் போக ஏற்றது. அம்மாவுக்கு அதே பூங்காவின் தென்கோடி, ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் கலக்கிற ஏரிக்கரைப் பக்கம், நல்லது.

நகர மையப் பக்கம் போக ஆசையென்றால் ஹை பார்க். ஜோன் ஹாவர்ட் என்ற கட்டடக்கலைஞர் நகரத்துக்கு விட்டுச்சென்ற நிலம். சிவப்பை எதிர்பார்த்து அங்கே போகாதீர்கள், அது கறுப்பு ஓக் நாடு. பழுப்பும் செங்கல் நிறமும்தான் கூட. வசந்தத்தில் கூட்டம் அலைமோதும் செரி மரங்கள் இலையுதிர் காலத்தில் செம்மஞ்சளாக நிற்கும், அப்போது பார்க்க ஆளே இருக்காது. வார இறுதியில் உள்ளே கார் விடமாட்டார்கள் என்பதால் அம்மா வருவதானால் வேலைநாளில் போங்கள்.

மரங்களுக்காக மட்டும் பார்த்தால் மவுண்ட் பிளசண்ட் கல்லறைத் தோட்டம்தான் என் தெரிவு. 1876-இல் திறந்தது, பல நாட்டு மரங்களும் பெயர்ப்பலகையோடு நிற்கும், தார் போட்ட சமமான பாதை. இன்சுலினைக் கண்டறிந்த பான்ரிங் அங்கேதான் அடக்கம். இந்த ஊர்க்காரர் அங்கே நடப்பதும் ஓடுவதும் வழக்கம். ஆனால் நம் வீடுகளில் நல்ல நாளில் கல்லறைப் பக்கம் போவதை விரும்பாதவர்கள் உண்டு. அம்மாவிடம் முன்கூட்டியே கேளுங்கள். அவர் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம், அந்தத் தயக்கம் முகத்தில் தெரியும்.

இனி முகம் கறுப்பது. உங்கள் கேள்வியில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான். கமரா தன்முன் உள்ள வெளிச்சம் எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்க்கும். பின்னால் வெளுத்த வானமும் வெயில் பட்ட மஞ்சள் இலைகளும் இருந்தால் “வெளிச்சம் கூடிப்போய்விட்டது” என்று முடிவெடுத்துப் படத்தையே இருட்டாக்கும். நம் தோல்நிறத்துக்கு அந்த அடி இன்னும் பலமாக விழும். வண்ணப் பிலிம் காலத்தில் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வுக்கூடங்கள் வைத்திருந்த மாதிரிப் படம், ஷேர்லி அட்டை என்பார்கள், வெள்ளைத்தோல் பெண் ஒருத்தியின் படம். அவளுடைய முகம் நன்றாக வந்தால் எல்லாம் சரி என்று கொண்டார்கள். இப்போதைய கைபேசிகள் எவ்வளவோ திருந்திவிட்டன. கறுத்த தோலைச் சரியாகக் காட்டுவதற்கென்றே கூகிள் 2021-இல் பிக்சல் கைபேசிகளில் தனிக் கவனம் எடுத்தது. ஆனாலும் எங்கே பார்க்க வேண்டும் என்று கமராவுக்கு நீங்கள் சொல்லத்தான் வேண்டும். திரையில் அம்மாவின் முகத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். வெளிச்சம் அங்கே பூட்டிக்கொள்ளும். முகம் இன்னும் இருட்டாக இருந்தால் விரலை மேலே இழுத்துக் கூட்டுங்கள். பின்னால் வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். அதைவிட நல்லது, வானமே வராதபடி சற்று உயரத்திலிருந்து எடுப்பது. தரையில் கிடக்கிற இலைகளே பின்னணியாகிவிடும்.

வெளிச்சத்தின் திசையும் பாருங்கள். ஒக்டோபர் நடுவில் ரொறன்ரோவில் மாலை ஆறரை மணியளவில் சூரியன் மறையும். நாலரைக்கும் ஆறுக்கும் இடையில் வெயில் சாய்ந்து மென்மையாக வரும். இலைகளுக்குப் பின்னால் சூரியன் இருந்தால் அவை விளக்குப் போட்டதுபோல ஒளிரும். ஆட்களின் முகம் அப்போது நிழலில் இருக்கும். அதற்கு ஒரு வெள்ளைப் பெட்சீற்றையோ வேட்டியையோ பத்து வயதுப் பிள்ளையைப் பிடிக்கச் சொல்லி, அதில் பட்டு வருகிற வெளிச்சத்தை அம்மம்மாவின் முகத்தில் விழச்செய்யுங்கள். படப்பிடிப்புக்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிற தெறிப்புப் பலகையின் வேலையை அந்த வேட்டி செய்துவிடும். பிள்ளைக்கும் ஒரு பொறுப்புக் கிடைக்கும். மேகமூட்டமான நாளைக் கண்டு பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கண்ணைச் சுருக்கவைக்கும் வெயில் இல்லாமல், முகங்களும் இலைகளும் ஒரே சீராக வருவது அன்றைக்குத்தான். மழை விட்ட கையோடு எடுத்தால் அடிமரம் கறுத்து, இலை நிறம் இன்னும் அழுத்தமாகத் தெரியும்.

ஆட்களை மரத்தோடு ஒட்டி நிறுத்துவது எல்லோரும் செய்கிற பிழை. மரத்திலிருந்து பத்துப் பதினைந்தடி முன்னால் வரச்சொல்லுங்கள். நீங்கள் பின்னுக்குப் போய், கைபேசியில் 2 அல்லது 3 மடங்கு லென்ஸைத் தெரிந்தெடுங்கள். முகம் விரியாது, பின்னால் இலைகள் நெருங்கி வந்து நிரம்பும்.

உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல படம் என்றதும் சிவப்புச் சேலையை எடுப்போம். சிவப்புக்கு முன்னால் சிவப்பு மறைந்துபோகும். கடும்நீலம், மயில்பச்சை, சந்தன நிறம், இவற்றில் ஒன்றை அம்மா கட்டட்டும். மேலே கறுப்புக் குளிர்ச் சட்டையை மாட்டினால் சேலை கட்டிய பயனே இல்லை. அதனால்தான் சால்வை வாங்கச் சொன்னேன். உள்ளே வெப்ப உள்ளாடை, மேலே சால்வை, படம் எடுத்து முடிந்ததும் குளிர்ச் சட்டை. பத்து நிமிடத்துக்கு மேல் அவரைக் குளிரில் நிறுத்தாதீர்கள்.

வரிசையாக நிறுத்திச் சிரிக்கச் சொல்ல வேண்டாம். அம்மாவை வாங்கில் இருத்துங்கள். பிள்ளைகளை இலை பொறுக்கிக்கொண்டு வந்து அம்மம்மாவிடம் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் குந்தியிருந்து பிள்ளைகளின் கண்மட்டத்தில் எடுங்கள். காம்பை முறித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பால் வந்தால் நோர்வே மேப்பிள், தெளிந்த நீர் வந்தால் சுகர் மேப்பிள். நோர்வே மேப்பிள் இலையில் தார் தெறித்ததுபோலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது ஒரு பூஞ்சை, மரத்துக்குப் பெரிய கேடில்லை. இப்படிக் குனிந்து நாலு கண்கள் ஓர் இலையைப் பார்க்கிற படம் நீங்கள் ஆயிரம் தடவை “சீஸ்” சொல்லவைத்தாலும் கிடைக்காது. இடையில் ஒரு நிமிடம் காணொளியும் எடுங்கள், அம்மாவின் குரலும் இருக்கட்டும்.

இலை பொறுக்குவதை உங்கள் தெருவிலோ தொம்சன் பூங்காவிலோ வைத்துக்கொள்ளுங்கள். ரூஜ் தேசியப் பூங்கா என்பதால் அங்கிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது. இன்னொன்று: பள்ளத்தாக்குப் பாதைகளின் ஓரத்தில் பொய்சன் ஐவி என்ற செடி உண்டு. மும்மூன்று சிற்றிலையாக இருக்கும், இலையுதிர் காலத்தில் அழகாகச் சிவக்கும். தொட்டால் தோல் கொப்பளிக்கும். மரத்திலிருந்து விழுந்த மேப்பிள் இலையைத் தவிர வேறெந்தச் சிவப்பையும் தொடக் கூடாது என்று பிள்ளைகளிடம் முதலே சொல்லிவிடுங்கள். ரூஜ் பக்கம் போனால் காற்சட்டையின் கீழ்விளிம்பைச் சொக்ஸுக்குள் விட்டு, வீடு திரும்பியதும் எல்லோருடைய கால், முழங்கால் மடிப்பு, பிள்ளைகளின் தலைமயிர் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோயைப் பரப்புகிற உண்ணி அங்கே உண்டு. குளிர் வந்தாலும் நாலு பாகை வெப்பத்துக்கு மேலே இருக்கிற நாட்களில் அது நடமாடும்.

படத்தைத் திருத்தும்போது நிறத்தைக் கூட்டுகிற பட்டியைத் தொடாதீர்கள். இலை சிவக்கும், கூடவே அம்மாவின் முகமும் செம்மஞ்சளாகும். முகத்தின் நிழலைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினால் போதும். ஊருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். அம்மா புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன்பாவது பிடித்த இரண்டு மூன்றைத் தாளில் அச்சிட்டுவிடுங்கள். எவற்றை அச்சிடுவது என்பதை அவரே தெரிந்தெடுக்கட்டும்.