அலமாரியில் உறங்கும் வீடியோ கேசட்டு

ஓசூர் சிப்காட் ஆலைகளுக்கு வேலைக்கு வந்த குடும்பங்கள் பலவற்றின் 1990-களின் திருமணங்கள் வி.எச்.எஸ். கேசட்டிலேயே உள்ளன. இம்முறையை ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976-இல் அறிமுகம் செய்தது. இதற்கான கருவியைக் கடைசிவரை தயாரித்த ஃபுனாய் நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது. ஆகவே, பழைய கருவி உள்ளவர்கள் அதைக் காயலான் கடைக்குப் போடலாகாது.

கேசட்டினுள் அரை அங்குல அகல நாடா உண்டு. அதில் பூசிய காந்தத் துகள்களிலே படம் பதிந்துள்ளது. சுழலும் உருளையிலுள்ள ஹெட்டுகள் நாடாவைச் சாய்வாக உரசி அதைப் படிக்கின்றன. ஈரம் தங்கினால் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். அப்படியே ஓட்டினால் ஹெட்டும் கெடும், நாடாவும் அறுந்துபோகலாம்.

புதிய டெலிவிஷன்கள் பலவற்றில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களைச் செருகும் துளைகள் இல்லை. எச்.டி.எம்.ஐ.-ஆக மாற்றும் சிறு பெட்டியை இடையில் இணைத்தால் படம் வரும். சற்று மங்கலாகத்தான் வரும். சிறிய திரைக்கென எடுத்த படமல்லவா! திரையை 4:3 அளவில் வைக்காவிட்டால் மணமகளின் முகம் அகன்றுவிடும். என் பெரியம்மாவுக்கு அதில் மிகுந்த கோபம்.

அந்தக் கேசட்டில், இன்று எங்களோடு இல்லாத தாத்தா பந்தியில் எல்லோரையும் சாப்பிட அழைக்கிறார். அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. கணினியில் நகல் எடுத்த பின்னும் பாட்டி கேசட்டைத் தம் பெட்டியிலேயே வைத்திருக்கிறார்.