நம் ஊரின் வரைபடத்தை நாமே வரைவோம்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கு ஆபத்து உண்டென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். புதையுண்டோர் எத்தனை பேர் என முதல் நாட்களில் சொல்லப்பட்ட எண்ணிக்கைகளும் ஒன்றோடொன்று முரண்பட்டன. எந்தக் காம்பராவில் எத்தனை பேர் என்பது அயலவருக்குத் தெரியும். அது தாளில் இருந்தால்தான் தேடி வருவோருக்கு உதவும்.

2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. பழைய ஊரின் ஒவ்வொரு ஓடையையும் அறிந்திருந்த நாம், குடியேறிய இடத்தின் மலையை இன்னும் அறியோம். ஆகவே வரைபடம் நமக்கு மிகவும் தேவை.

செய்யும் முறை

1. மண்சரிவு அபாய வலய வரைபடத்தை மேற்படி நிறுவனம் தயாரித்துள்ளது. நமது இடம் எந்த வலயத்தில் உள்ளது என்று கிராம உத்தியோகத்தர் மூலம் கேட்டறியுங்கள். எவரும் பார்க்கவும் திருத்தவும் கூடிய ‘ஓபன் ஸ்ட்ரீட் மெப்’ வரைபடத்தைக் கைத்தொலைபேசியில் இளைஞர்கள் எடுத்துத் தரலாம்.

2. பெண்களும் முதியவர்களும் சேர்ந்து மலையைச் சுற்றி நடவுங்கள். நில வெடிப்பு, சாய்ந்த மரம், அடைபட்ட கான், திடீரெனக் கலங்கிய அல்லது வற்றிய ஊற்று ஆகியவற்றைப் பெரிய தாளில் குறியுங்கள்.

3. வீடுகள், பிள்ளைக் காம்பரா, வெளியேறும் பாதை, பாதுகாப்பான கட்டடம் ஆகியவற்றையும் வரையுங்கள். தூக்கிச் செல்லவேண்டிய நோயாளர், கர்ப்பிணிகள் பற்றிய விபரத்தை வேறு கொப்பியில் எழுதிப் பொறுப்பானவரிடம் வையுங்கள். அதைப் பொது வரைபடத்தில் போடவேண்டாம்.

4. மேலும் கீழும் ஒரே அகலமான பாத்திரத்தை வெளியில் வைத்து, விழும் மழையை அடிமட்டத்தால் அளவுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருங்கள். 100ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாகுங்கள். 150ஐத் தாண்டினாலோ, ஒரு மணி நேரத்தில் 75ஐத் தாண்டினாலோ உடனே வெளியேறுங்கள். நிலம் வெடித்தால் மழையளவுக்குக் காத்திராதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் அழையுங்கள்.

வரைபடம் மலையைத் தடுத்து நிறுத்தாது. பாதுகாப்பான காணிக்கு ஈடாகவும் ஆகாது. ஆனால் காணி கேட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போகும்போது, அதன் ஒரு பிரதி நம் கையில் வலுவான சான்றாக இருக்கும்.

கலந்துரையாட

• இரவில் மழை பெருத்தால், நம்மை எழுப்புபவர் யார்?
• வெளியேறும் பாதையில் ஓடை குறுக்கிடுகிறதா? அப்படியானால் மாற்றுப் பாதை எது?
• கடைசியாக வந்து சேர்ந்த குடும்பம் நம் வரைபடத்தில் உண்டா?