பாரமும் பாரம் இறக்குதலும்

ஆங்கிலப் பழநூல்களில் 'டிஸ்பர்தன்' என்றொரு வினைச்சொல் காணப்படும். தன்மேலுள்ள சுமையை இறக்கிவைத்தல் என்பது அதன் பொருள். அதிலுள்ள 'பர்தன்' இன்று 'பர்டன்' எனத் திரிந்துவிட்டமையால் பழைய வடிவம் ஏறக்குறைய வழக்கொழிந்தது. இந்தப் 'பர்தன்' என்பதும், பாலியிலும் வடமொழியிலும் வழங்கும் 'பாரம்' என்பதும் தாங்குதலைக் குறிக்கும் ஒரே பழைய வேரினின்று கிளைத்தவை என்பர் மொழிநூலார். 'மனபாரம்' என்று நாம் நாள்தோறும் கூறுவதும் அப்பாரமே.

சம்யுத்த நிகாயத்தின் கந்த சம்யுத்தத்தில் பார சுத்தம் என்றொரு சிறு சூத்திரம் உளது. பாரம், பாரத்தைச் சுமப்பவர், பாரத்தை எடுத்தல், பாரத்தை இறக்குதல் என நான்கினைப் பகவான் அதில் விளக்குகின்றார். பற்றுக்கு இடமான ஐந்து கந்தங்களே பாரம். மணிமேகலை அவற்றை உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு எனத் தமிழாக்கும். எடுக்கும் கை வேட்கை. அவ்வேட்கை எச்சமின்றி அறுதலே இறக்குதல். அருகதரை 'பாரம் இறக்கியவர்' எனப் பாலி நூல்கள் பன்முறை சிறப்பிப்பதும் இது பற்றியே.

தமிழ்நாட்டுப் பழஞ்சாலைகளில் சுமைதாங்கிக் கல்லைக் கண்டோர் நம்மில் பலர் இருப்பர். தலைமேல் ஏற்றிய மூட்டையைத் தனியாள் இறக்கவும் இயலாது, மீண்டும் ஏற்றவும் இயலாது. அதற்காக இரு கற்களை நட்டு, ஆளுயரத்தில் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்துவர். வழிநடப்பவன் அருகே நின்று மூட்டையை அதன்மேல் நகர்த்திவிடுவான். சூலுடன் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நடுவது வழக்கம். அவள் இறக்காமலே சென்ற சுமைக்கு ஈடாகப் பிறர் சுமையைக் கல் தாங்கும் என்பது நம்பிக்கை. நெஞ்சை உருக்கும் வழக்கமே. ஆயினும் சுமைதாங்கி தருவது இளைப்பாறுதல் மட்டுமே; சற்றுப் பொறுத்து அதே மூட்டை அதே தலைக்கு ஏறும். பழைய சுமையை இறக்கி, வேறொன்றையும் ஏற்காதவனைக் குறித்தே சூத்திரம் பேசுகின்றது. தீட்சை பெற்ற பின்னரும் பெண் கொடுக்கையிலும் எடுக்கையிலும் உட்பிரிவு வினவும் இல்லங்கள் நம்மிடையே இல்லை எனத் துணிந்து கூற இயலுமோ?

மான்குர்த்தில் இச்சூத்திரத்தைப் பயிலுங்கால் ஓர் இளைஞர் வினவினார்: "பௌத்தரான பின்னும் சாதிச் சான்றிதழை வைத்திருக்கிறோமே ஐயா, பாரத்தை இறக்கினோம் என்பது பொய்யாகாதோ?" வினா எளியதன்று. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பெரும்பாலும் இந்துக்களையே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரும், 1990இல்தான் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். அவ்வுரிமையைப் பெறப் பௌத்தரும் பழைய சாதிப் பெயரைச் சுட்டவே வேண்டியுளது.

விடை சூத்திரத்திலேயே உளது. பாரத்தைச் சுமப்பவர் யார் எனச் சொல்லுமிடத்து, பகவான் ஆன்மா எனக் கூறிற்றிலர். பெயராலும் கோத்திரத்தாலும் உலகம் அறியும் ஆளைச் சுட்டி நிறுத்தினார். வாத்சீபுத்திரீயர் இதனைக் கொண்டு மெய்யாகவே ஓர் ஆள் உளன் என வாதித்தனர். வசுபந்து அபிதர்மகோச பாஷ்யத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் அதனை மறுத்தார்: முந்திய கந்தங்களே பிந்திய கந்தங்களுக்குச் சுமையாகின்றன, பெயரும் கோத்திரமும் உலக வழக்கு பற்றிய குறியீடு மட்டுமே. ஆதலின் சான்றிதழிலுள்ள பெயரும் ஒரு குறியீடே. நமக்கு நேர்ந்த அநீதிக்கு அரசு தந்த அத்தாட்சி. பறையர் என்னும் பெயரே பகைவர் சூட்டியது என அயோத்திதாசப் பண்டிதரும் வாதித்தார் அன்றோ? அப்பெயரில் செருக்குக் கொள்வது பவ வேட்கை. அதனை நினைந்து நாணி, இப்பிறப்பே இல்லாதிருந்தால் ஆகாதா என வெதும்புவது, எளியேன் கருத்தில், விபவ வேட்கை. இரண்டும் எடுக்கும் கைகளே. தாளைப் பெட்டியில் வைத்திருப்பது எடுத்தல் ஆகாது.

இன்னொன்றையும் தெளிய வேண்டும். வேட்கையால் நாம் எடுத்த பாரத்தையே சூத்திரம் கூறுகின்றது. பிறர் நம் தலைமேல் ஏற்றியதை அன்று. குப்பைக் கூடை சுமப்பவரிடம் இச்சூத்திரத்தை ஓதி, "பொறுத்திரு, பற்றை விடு" என்பார் தம்மத்தைத் திரிப்பவர். பாபாசாகேப் அம்பேத்கர் அவ்வாறு ஓதிற்றிலர். மகாராட்டிரத்து மகர்கள் சிறு நிலத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக ஊர் ஊழியம் சுமந்த வதன் முறையைத் தளர்த்த, 1874ஆம் ஆண்டின் பரம்பரை உத்தியோகச் சட்டத்தைத் திருத்தும் மசோதாவை 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கொணர்ந்தார். அம்முறையை ஒழிக்கும் சட்டம் 1958இல்தான் இயற்றப்பட்டது. பாபாசாகேப் மறைந்து அப்போது ஓராண்டு கடந்திருந்தது.