திசை மாறிய சினம்

ஒரே தட்டில் உண்டு, ஒன்றையொன்று அணைத்து உறங்கிய இரு பூனைகள் திடீரெனப் பகையாவதேன்? காரணம் பல வேளைகளில் வீட்டிற்கு வெளியே இருக்கும்.

சாளரத்துக்கு அப்பால் அயற்பூனை ஒன்று நடக்கிறது. உள்ளிருக்கும் பூனைக்குச் சினம் மூள்கிறது. பாயவொட்டாமல் கம்பி தடுக்கிறது. அச்சினம் அருகிலுள்ள தோழன்மீது திரும்புகிறது. தேர்வறையில் பிறந்த எரிச்சலை அறைத்தோழரிடம் காட்டும் நமக்கு இது புரியாததன்று!

கடற்காக்கைகளிடம் இதையொத்த செயலை நிக்கோ டின்பர்கன் கண்டார். எல்லையில் அண்டைப் பறவையைத் தாக்கவும் அஞ்சி, விலகவும் மனமின்றி, அவை புல்லைக் கொத்திப் பிடுங்கும். 1973-இல் நோபெல் பரிசு பெற்ற மூவருள் அவர் ஒருவர்.

சண்டையின்போது கையை இடையில் நீட்டலாகாது. அட்டையை நுழைத்துப் பிரிக்கலாம். பின் இரண்டையும் தனித்தனி அறையில் விடுக. சினம் தணியச் சில மணியும் ஆகலாம். சில நாளும் ஆகலாம். அயற்பூனை தெரியும் சாளரத்தைத் திரையிட்டு மறைக்க. ஒன்று படுத்த துணியை மற்றதற்கு அளித்து, மூடிய கதவின் இருபுறமும் உணவு வைத்துப் பழக்கிய பின்னரே இரண்டையும் சேர்க்க. உடல்நோவும் சினமூட்டுமாதலின், கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் நன்று.

நம்மீது கடியோ கீறலோ பட்டால், சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரைக் காண வேண்டும். பூனையாலும் வெறிநோய் பரவும்.

பாய்ந்த பூனையை அடிப்போரும், தெருவில் விடுவோரும் உளர். அடியால் அச்சமே பெருகும், பகை நிலைக்கும். எய்தவன் இருக்க அம்பை நோவதேன், நண்பர்களே?