ஊர் எழுதும் விண்ணப்பம்

'விண்ணப்பம்' என்பது, 'தெரிவித்தல்' என்று பொருள்படும் வடமொழிச் சொல்லின்வழித் தமிழுக்கு வந்த சொல். அதன் வேரில் இரத்தல் என்னும் பொருள் இல்லை. ஆயினும், ஊர்ப் பொதுப்பணிக்கு நிதி வேண்டி எழுதப்படும் விண்ணப்பங்களுள் பல, 'கருணைகூர்ந்து', 'தாழ்மையுடன்' முதலிய சொற்களால் முதற்பக்கத்தை நிரப்பிவிட்டுத் தெரிவிக்க வேண்டியதைத் தெரிவிக்காமலே முடிந்துவிடுகின்றன.

தமிழ்நாட்டில் 1997-98ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, 2021-22இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது 'நமக்கு நாமே' திட்டம். பொதுப்பணி ஒன்றின் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்த முன்வந்தால், எஞ்சியதை அரசு வழங்கும் என்பது இதன் பொதுவான அமைப்பு. எனவே, இதற்கு விண்ணப்பிக்கும் ஊர் வெறுங்கையோடு நிற்பதில்லை. தன் பங்கை முன்வைத்துப் பேசுகிறது.

எடுத்துக்காட்டாக, ஓர் ஊரைக் கருதலாம். அவ்வூர் நூலகம் பழைய ஓட்டுக்கட்டடம் ஒன்றில் இயங்குகிறது. போட்டித்தேர்வுக்குப் படிப்போருக்கு அதைவிட்டால் வேறிடம் இல்லை. புதிய கட்டடம் வேண்டுமென முடிவுசெய்த ஊரார், முதலில் இவ்வாறு எழுதினர்: "எங்கள் ஊருக்கு நூலகக் கட்டடம் மிகமிக இன்றியமையாதது. மாணவர்கள் சொல்லொணாத் துயரடைகின்றனர்." இதில் பிழையேதும் இல்லை. ஆனால், ஊர்ப்பெயரை மாற்றிவிட்டால் எந்த ஊரும் இதனை அனுப்பலாம். படிக்கும் அலுவலருக்கு இதனால் புதிதாக எதுவும் தெரியவருவதில்லை.

அடுத்து, ஊர் இளைஞர் சிலர் நூலகத்தின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினர். ஒரு வாரம் வாயிலில் அமர்ந்து கணக்கெடுத்தனர். இரண்டாம் வரைவு இவ்வாறு அமைந்தது: "நூலகத்தில் பன்னிருவர் அமரலாம். மாலையில் நாள்தோறும் முப்பதுக்கும் மேற்பட்டோர் வருகின்றனர். இடமில்லாதோர் திண்ணையிலும் வேப்பமரத்தடியிலும் படிக்கின்றனர். சென்ற மழைக்காலத்தில் 340 நூல்கள் நனைந்து பயனற்றுப்போயின." துயரம் என்னும் சொல் இப்பகுதியில் இல்லை. அதற்குத் தேவையும் இல்லை.

கணக்கெடுப்பு மற்றொன்றையும் காட்டியது. வருவோரில் பாதிப்பேர் மாணவியர். ஆனால், அவர்களுள் ஒருவரேனும் ஒரு மணி நேரத்துக்குமேல் தங்கியதில்லை. காரணம் கேட்டபோது, கழிப்பறை இல்லை என்றனர். அதுவரை அதைப்பற்றி ஊர்க்கூட்டத்தில் எவரும் பேசியதில்லை. நிதி கேட்பதற்காகத் திரட்டிய தகவல், ஊருக்கே தன் தேவையை உணர்த்தியது. திட்டத்தில் கழிப்பறையும் சேர்ந்தது.

இடத்தேர்வில் ஒரு தடை எழுந்தது. ஏரிக்கரையோரம் காலியாகக் கிடந்த நிலத்தைப் பலரும் சுட்டினர். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் அது நீர்நிலைப் புறம்போக்கு என்றிருந்தது. அங்குக் கட்டடம் எழுப்ப இயலாது. ஆண்டுக்கணக்கில் வெறுமையாய்க் கிடப்பதனாலேயே ஒரு நிலம் ஊர்ப்பணிக்கு உரியதாகிவிடாது. பின்னர், பள்ளியை அடுத்திருந்த ஊராட்சிக்குரிய நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஒன்றியப் பொறியாளர் அணியமாக்கிய மதிப்பீடு 18 இலட்சம் ரூபாய். ஊரின் பங்கு 6 இலட்சம். வெளிநாட்டில் பணிபுரிவோர் அனுப்பியதும், அறுவடை முடித்த உழவர் கொடுத்ததும், நாட்கூலியர் இருநூறு இருநூறாகக் கொடுத்ததும் சேர்ந்து 4,10,000 ரூபாய் ஆயிற்று. 'தருகிறோம்' என்று சொன்னோரின் தொகையையும் வரவாகக் காட்டிவிடலாம் எனச் சிலர் கருதினர். சொல் வேறு, வரவு வேறு. பங்குத்தொகையைச் செலுத்தும் நாளில் அவ்வேறுபாடு வெளிப்பட்டே தீரும். ஆகவே, ஊரார் திட்டத்தைச் சுருக்க முற்பட்டனர். நீக்கவேண்டியது எது என்பதில் கடும் வாக்குவாதம் எழுந்தது. நன்கொடையாளர் பெயர் பொறித்த அலங்கார வளைவை விட்டுக்கொடுக்கச் சிலருக்கு மனமில்லை. கழிப்பறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றனர். வாயிலில் அமர்ந்து கணக்கெடுத்த மாணவி ஒருத்தி அந்த ஏட்டைக் கூட்டத்தில் படித்துக்காட்டினாள். வளைவும் கூடுதல் அறையும் நீங்கின. படிப்புக்கூடமும் கழிப்பறையும் நிலைத்தன. புதிய மதிப்பீடு 12 இலட்சம். ஊரின் பங்கு 4 இலட்சம். எஞ்சிய 10,000 ரூபாய் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்டது.

பராமரிப்பைப் பற்றி விண்ணப்பங்கள் பெரும்பாலும் வாய்திறப்பதில்லை. கட்டி முடித்த கட்டடத்தின் மின்கட்டணத்தைச் செலுத்துவது யார், கழிப்பறைக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பவற்றுக்கு இவ்வூர் ஒரு பத்தியில் விடையளித்தது. அக்டோபர் 2 அன்று கூடிய கிராமசபையில் இவையனைத்தும் தீர்மானமாக நிறைவேறின.

தீர்மான நகல், நில ஆவணம், மதிப்பீடு, வரைபடம், பங்குத்தொகை விவரம் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியருக்குச் சென்ற விண்ணப்பம் இரண்டு பக்கமே. 'தாழ்மையுடன்' என்னும் சொல்லை முதியவர் ஒருவர் கடைசிவரியில் சேர்க்கச் சொன்னார், சேர்த்தனர். நகலொன்றில் பெறப்பட்ட நாளும் முத்திரையும் பெற்று, அதனை நூலகத்தின் நனையாத அலமாரியில் வைத்தனர்.