நம் கடைக் கழிவுநீரும் நுண்ணுயிர்களும்



இரவில் ஆட்டி வைத்த தோசை மாவு விடியலில் பொங்கி நிற்பதை நம்மில் அறியாதார் இலர். புளிப்பும் நொதிப்பும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் செயலே என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1857 முதல் தம் ஆராய்ச்சிகளால் விளக்கினார். மாவைப் புளிக்க வைக்கும் உயிர்களின் சுற்றத்தாரே நம் கடைகளின் கழிவுநீரையும் தூய்மை செய்கின்றன.

இவற்றில் காற்றோடு வாழ்வனவும் உண்டு. காற்றின்றி வாழ்வனவும் உண்டு. 1914இல் மான்செஸ்டர் நகரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இருவர் கழிவுநீரில் காற்றைச் செலுத்தினர். அடியில் படிந்த நுண்ணுயிர்ச் சேற்றை எறிந்துவிடாமல் அடுத்த கழிவுநீரிலும் கலந்தனர். பழைய மாவில் சிறிது எடுத்துப் புது மாவில் சேர்ப்பது போன்றதே இது. இம்முறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. பிரிக்பீல்ட்ஸுக்கு அருகே, பந்தாய் டாலாமில், 2011இல் பணி தொடங்கிக் கட்டப்பட்ட நிலத்தடி நிலையம் நாளொன்றுக்கு 320,000 கன மீட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்க வல்லது. இத்தகைய நிலையங்களில் எஞ்சும் சேற்றை மூடிய தொட்டியில் இட்டால், காற்றில்லா நுண்ணுயிர்கள் அதை நொதிக்கச் செய்து எரிவாயுவாக மாற்றும்.

அப்படியானால் நாம் ஊற்றும் எண்ணெயையும் அவை தின்றுவிடாவோ என்று சிலர் கேட்கலாம். தின்னும், ஆனால் காலமும் இடமும் வேண்டும். இந்நாட்டுச் செம்பனை ஆலைகளே இதற்குச் சான்று. ஆலைக் கழிவுநீர் ஒரு லிட்டரில் உள்ள அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் பிராணவாயு தேவை. ஆற்றில் விடும் நீரில் இவ்வளவு 5,000ஐத் தாண்டலாகாது என்று 1978இல் சட்டம் வந்தது. படிப்படியாகக் குறைத்து 1984இல் 100 ஆக்கினர். ஆலைகள் பெருங்குளங்கள் வெட்டி, கழிவுநீரைப் பல வாரம் நொதிக்க விட்டே இதைச் சாதித்தன.

நம் சமையற்கட்டில் அத்தகைய குளம் ஏது? சூட்டோடு ஊற்றிய எண்ணெய் குழாயில் குளிர்ந்து கட்டியாகிறது. குழாய் அடைபட்டு, கழிவுநீர் வெளியே பொங்குகிறது. இதைத் தடுக்கவே உணவகங்களில் எண்ணெய்ப் பொறி, அதாவது கிரீஸ் டிராப், வைக்கச் சொல்லுகிறார்கள். நுண்ணுயிர்த் திரவத்தை ஊற்றினால் பொறியைத் துப்புரவு செய்யவே வேண்டாம் என்பார் பேச்சை நம்பற்க. கரைந்தோடும் எண்ணெய் சற்றுத் தொலைவில் மீண்டும் உறையும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கழிவுநீர்க் குழாய் வேறு. மழைநீர்க் கால்வாய் வேறு. கடைக்குப் பின்சந்தில் பாத்திரம் கழுவும் நீர் எந்த நிலையத்தையும் காணாமல் கால்வாய் வழியே நேரே ஆற்றில் கலக்கிறது. அங்கும் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும். ஆனால் ஆற்றிலுள்ள பிராணவாயுவை அவை செலவழித்துவிட, மீன்கள் மடியும். பின் காற்றில்லா உயிர்கள் பெருகி நாற்றம் கிளம்பும். ஆக, நம் அழுக்கை நுண்ணுயிர்கள் தின்னப்போவது உறுதி. நிலையத்திலா, ஆற்றிலா என்பதே கேள்வி. அதற்கு விடை நம் கையில் இருக்கிறது.

ஆதலின், வணிகச் சகோதரர்கள் மூன்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம். தட்டின் மிச்சத்தையும் எண்ணெய்ப் பசையையும் வழித்துக் குப்பையில் இட்ட பிறகே கழுவுக. பொரித்த எண்ணெயைத் தகரத்தில் சேர்த்து, வாங்குவோரிடம் விற்றுவிடுக, காசும் கிடைக்கும். பொறியில் மிதக்கும் எண்ணெயைத் தவறாது அள்ளுக. பணியாளுக்கும் அதைக் கற்றுக்கொடுக்க.

கோம்பாக், கிள்ளான் ஆறுகள் கூடுமிடத்தில்தான் 1909இல் திறக்கப்பட்ட மஸ்ஜித் ஜாமேக் நிற்கிறது. அந்நீரே பிரிக்பீல்ட்ஸைத் தொட்டு, கிள்ளான் நகரைக் கடந்து கடலில் சேர்கிறது. ஐவேளையும் ஒளுச் செய்யும் நமக்கு நீரின் அருமையை வேறெவரும் சொல்ல வேண்டியதில்லை. தொழுகைக்கு எடுக்கும் நீரில் காட்டும் கவனத்தைக் கடையிலிருந்து வெளியேறும் நீரிலும் காட்டுவோமாக!